வளைவதும் வளைக்கப்படுவதும்: ‘ஃப்ளெக்சிபிள்’ என்ற சொல்லும் அதன் சுற்றமும்

‘ஃப்ளெக்சிபிள்’ என்பது இன்று ஆங்கிலம் படிக்காத தமிழரின் வாயிலும் தடையின்றி வரும் சொல். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் பணிநேரம் ஃப்ளெக்சிபிளா என்று கேட்கிறார். கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர் வாடகையில் ஃப்ளெக்சிபிளாக இருப்பார்களா என்று விசாரிக்கிறார். மின்சாதனக் கடையில் ‘ஃப்ளெக்சிபிள் ஒயர் நாலு மீட்டர்’ என்று சொன்னால் கடைக்காரர் மறுகேள்வி கேட்காமல் எடுத்து அளக்கிறார். சிக்கல் ஆங்கிலத்தில் எழுத நேரும்போதுதான் தொடங்குகிறது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுத மனமில்லாமல் அகராதியையோ கைப்பேசியையோ புரட்டினால் பிளையபிள், பிளையன்ட், சப்பிள், லைத், எலாஸ்டிக், மாலியபிள், அடாப்டபிள், ரெசிலியன்ட் என்று ஒரு வரிசை வந்து நிற்கிறது. எல்லாம் ஒரே பொருள் தருவன போலத் தோன்றுவதால், பார்வைக்கு மிடுக்காக இருக்கும் ஒன்றை எடுத்து வைத்துவிடுகிறோம்.

அப்படி எடுத்து வைப்பதால் நேரக்கூடிய சேதம் சிறியதன்று. ஒரு பேராசிரியர் தம் மாணவிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சூழலிலும் பொருந்தி வேலை செய்யக்கூடியவர் என்று சொல்ல நினைத்து, ‘ஷீ இஸ் வெரி பிளையபிள்’ என்று அவர் எழுதிவிட்டால், படிக்கிறவர் மனத்தில் பதிவது வேறொன்று: யார் எந்தப் பக்கம் வளைத்தாலும் வளைந்துவிடுகிற, சொந்தமாக ஒரு நிலைப்பாடு இல்லாத பெண். பாராட்டாகப் புறப்பட்ட வாக்கியம் குறையாகப் போய்ச் சேர்கிறது. இலக்கணப் பிழை ஏதும் இல்லாததால் அதை யாரும் திருத்தப்போவதுமில்லை.

இந்தச் சொற்களைப் பிரித்தறிய எனக்குத் தெரிந்த நம்பகமான வழி, ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்விகள் கேட்பதுதான். வளைக்கிறது யார், தானே வளைகிறதா, இன்னொரு கை வளைக்கிறதா என்பது முதல் கேள்வி. வளைந்த பிறகு என்ன ஆகிறது, பழைய நிலைக்குத் திரும்புகிறதா, வளைந்தபடியே நின்றுவிடுகிறதா என்பது இரண்டாவது. அகராதிகள் ‘வளையக்கூடிய’ என்ற பொதுப்பண்பை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துவிடுகின்றன. ஆங்கிலத்தைப் பிறப்பிலிருந்து பேசுகிறவர்களோ, தெரிந்தோ தெரியாமலோ, இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லிக்கொண்டுதான் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1852-இல் பீட்டர் மார்க் ரோஜே வெளியிட்ட, பொருள் நெருங்கிய சொற்களைத் தலைப்புவாரியாகத் தொகுத்த புகழ்பெற்ற தெசாரஸிலேயே இந்தப் பிரிவின் ஒரு கூறு தென்படுகிறது. ஃப்ளெக்சிபிள், பிளையபிள் போன்றவற்றை மென்மை என்ற தலைப்பின் கீழும், எலாஸ்டிக்கை அதற்கு அடுத்த தனித் தலைப்பின் கீழும் அவர் வைத்தார். இன்றைய இணைய அகராதிகள் அந்த வேலியைக்கூட எடுத்துவிட்டன.

சொற்களின் பிறப்பைப் பார்த்தால் வேறுபாடு ஓரளவு துலங்கும். ஃப்ளெக்சிபிளின் வேர் லத்தீனில் வளைத்தலைக் குறிக்கும் ‘ஃப்ளெக்டெரே’. ஒளியைத் திருப்பியனுப்புவதைச் சொல்லும் ‘ரிஃப்ளெக்ட்’, திசைமாற்றுவதைச் சொல்லும் ‘டிஃப்ளெக்ட்’, மருத்துவர் முழங்காலில் தட்டிப் பார்க்கும் ‘ரிஃப்ளெக்ஸ்’ எல்லாம் இதே வேரில் கிளைத்தவை. பிளையபிள், பிளையன்ட் இரண்டும் மடித்தலைக் குறிக்கும் ‘பிளிக்காரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. மரக்கடையில் ‘பிளை’ என்று நாம் சுருக்கிச் சொல்லும் பிளைவுட்டில் இருப்பதும் இந்த மடிப்புதான்; மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ரேகை குறுக்கும் நெடுக்குமாக வரும்படி ஒட்டுவதால் அந்தப் பெயர். சப்பிள் என்பதன் பின்னணி இன்னும் வியப்பானது. மண்டியிட்டு மன்றாடுகிறவரைக் குறித்த ‘சப்ளெக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லே அதன் மூலம். மன்றாடுதலைக் குறிக்கும் ‘சப்ளிகேட்’ அதன் உடன்பிறப்பு. ஆனாலும் வேரை மட்டும் நம்பிப் பொருள் கொள்ளக் கூடாது. பணிந்து கெஞ்சுவதில் பிறந்த சப்பிள் இன்று உடல்வனப்பைப் புகழும் சொல்லாக நிற்கிறது. வெறும் மடிப்பில் பிறந்த பிளையபிள்தான் மனிதருக்குச் சொல்லும்போது இழிவின் நிழலைச் சுமக்கிறது.

முதலில் ஃப்ளெக்சிபிளையே எடுத்துக்கொள்வோம். இந்தக் கூட்டத்தில் மிகப் பொதுவானதும் மிகக் குறைந்த ஆபத்துடையதும் இதுதான். பொருளுக்கும் சொல்லலாம், ஆளுக்கும் சொல்லலாம், கால அட்டவணைக்கும் கொள்கைக்கும் சொல்லலாம். ஆளுக்குச் சொல்லும்போது, வளையும் முடிவு அவர் கையில் இருக்கிறது என்ற குறிப்பு அதில் உண்டு. வேண்டாமென்றால் வளையாமலும் இருக்கக்கூடியவர் என்பதால்தான் அது பாராட்டாகிறது. விலையில் இறங்கிவரத் தயார் என்றால் ‘ஃப்ளெக்சிபிள் ஆன் ப்ரைஸ்’ என்றும், எந்தத் தேதியானாலும் சரி என்றால் ‘ஃப்ளெக்சிபிள் அபௌட் டேட்ஸ்’ என்றும் எழுதுவது வழக்கம். ‘டு’ சேர்த்து ‘ஃப்ளெக்சிபிள் டு எனி ஷிஃப்ட்’ என்று நம் சுயவிவரக் குறிப்புகளில் காணப்படுவது ஆங்கில வழக்குக்கு ஒட்டாதது. ‘டு’ வேண்டுமென்றால் அங்கே வரவேண்டியது அடாப்டபிள்.

பொருள்களில் ஃப்ளெக்சிபிள் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க, இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சற்றுச் சீவிப் பார்த்தாலே போதும். உள்ளே ஒரே தடித்த கம்பி இருக்காது. தலைமுடியைப் போன்ற செம்பு இழைகள் கற்றையாக முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். காரணம் எளிது. ஒரு கம்பியை வளைக்கும்போது அதன் வெளிவிளிம்பு நீள்கிறது, உள்விளிம்பு சுருங்குகிறது. கம்பி தடிக்கத் தடிக்க அந்த நீட்சி கூடுகிறது. கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்து ஒடிப்பது கட்டட வேலையில் அன்றாடம் நடப்பது. அங்கே உலோகம் வளைய வளைய இறுகி, கடைசியில் முறிகிறது. அதே பருமனை நூறு இழைகளாகப் பிரித்துவிட்டால் ஒவ்வோர் இழையும் தாங்கவேண்டிய நீட்சி மிகச் சிறியதாகிவிடுவதால், நாள்தோறும் சுருட்டி விரித்தாலும் ஒயர் தாக்குப்பிடிக்கிறது. செம்பு அதே செம்புதான். வளைவுத்தன்மை வந்தது அமைப்பினால். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இந்த ஒயருக்குப் பெயரே ‘ஃப்ளெக்ஸ்’. தமிழ்நாட்டில் அதே துண்டுச்சொல், சுருட்டிக்கொண்டுபோய் விரித்துக் கட்டக்கூடிய பேனருக்குப் பெயராகிவிட்டது. ‘தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள்’ என்றால் அதில் வளைதலின் நினைவு யாருக்கும் வருவதில்லை.

வேலை உலகில் இந்தச் சொல் நுழைந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் வளைக்கிறது யார் என்ற கேள்வி அங்கேதான் கூர்மையாகிறது. 1967-இல் மேற்கு ஜெர்மனியில் மியூனிக் அருகே ஒரு விமானத் தயாரிப்பு நிறுவனம், எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போவதால் ஏற்பட்ட நெரிசலைக் குறைக்க, ஊழியர் தாமே வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் ஓர் எல்லைக்குள் தேர்ந்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. ஜெர்மானியர் அதைச் ‘சறுக்கும் நேரம்’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். ஆங்கிலத்தில் அது ஃப்ளெக்சிடைம் ஆயிற்று. பிரிட்டனில் சிறு குழந்தைகளின் பெற்றோர் இத்தகைய பணிநேரம் கோரும் உரிமை 2003-இல் சட்டமாயிற்று; 2014-இல் ஆறு மாதப் பணி முடித்த எல்லா ஊழியருக்கும் அது விரிந்தது; 2024 ஏப்ரலிலிருந்து வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே கோரலாம் என்றானது. இவை எல்லாவற்றிலும் நேரத்தை வளைக்கும் உரிமை ஊழியருடையது.

அதே சொல்லை முதலாளி தரப்பு எடுத்துக்கொண்டபோது பொருள் தலைகீழாயிற்று. ‘ஃப்ளெக்சிபிள் லேபர் மார்க்கெட்’ என்று பொருளாதாரப் பக்கங்களில் படித்தால், ஆளை எளிதில் எடுக்கவும் எளிதில் நிறுத்தவும் முடிகிற சந்தை என்று பொருள். ‘மஸ்ட் பி ஃப்ளெக்சிபிள்’ என்று விளம்பரத்தில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவோம், மறுக்கக் கூடாது என்று பொருள். வண்டியில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற இளைஞருக்கு ‘உங்கள் நேரம் உங்கள் கையில்’ என்று சொல்லப்படுகிறது. ஆனால் மழை கொட்டும் இரவு எட்டு மணிக்கு அவர் சாலையில் இல்லாவிட்டால் அன்றைய ஊக்கத்தொகை போய்விடும் என்றால், அங்கே வளைவது நேரம் அன்று, அவர்தான். இந்த வேறுபாட்டைச் சொல் மறைத்துவிடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. அடைமொழி யாருக்கு இடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது ஓரளவு உதவும்: ‘ஃப்ளெக்சிபிள் அவர்ஸ்’ என்றால் வளைவது நேரம், ‘ஃப்ளெக்சிபிள் கேண்டிடேட்’ என்றால் வளைவது ஆள்.

பிளையபிளுக்கும் பிளையன்ட்டுக்கும் வருவோம். பொருளுக்குச் சொல்லும்போது இரண்டிலும் எந்தக் குறையும் இல்லை. ஊறவைத்த பிரம்பு பிளையபிள். சூடேற்றிய மெழுகு பிளையபிள். பிசைந்த களிமண்ணும் அப்படியே. மூன்றிலும் ஒரு கை தேவைப்படுகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். பிரம்பு தானாக நாற்காலியாவதில்லை. இதே குறிப்பு மனிதருக்கு வந்து சேரும்போதுதான் சொல் இருள்கிறது. ஆங்கில இலக்கியத்தில் இதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1678-இல் ஜான் பனியன் எழுதிய ‘பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்’ நூலில், ஊரைவிட்டுப் புறப்படும் கதைநாயகன் கிறிஸ்தியானைத் திருப்பி அழைத்துவர இரண்டு அண்டைவீட்டார் ஓடிவருகிறார்கள். ஒருவர் பெயர் ஆப்ஸ்டினேட், பிடிவாதக்காரர். மற்றவர் பெயர் பிளையபிள். பிடிவாதக்காரர் ஏசிவிட்டுத் திரும்புகிறார். பிளையபிளோ, மோட்சத்தின் இன்பங்களைப் பற்றி நாலு வார்த்தை கேட்டதும் கூடவே கிளம்பிவிடுகிறார். முதல் சேற்றுக்குழியில் விழுந்ததும், தம் வீட்டுப் பக்கமாக இருக்கும் கரையில் ஏறி ஊருக்கே ஓடிவிடுகிறார். இந்தக் கதையைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை தமிழில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தை இயற்றினார் என்பது தமிழ் வாசகர் பலருக்குத் தெரியும். பேசுகிறவரைப் பொறுத்து மனம் மாறுகிறவர் என்று பனியன் அந்தப் பாத்திரத்தில் வைத்த பொருள், மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தச் சொல்லில் கரையாமல் இருக்கிறது.

பிளையன்ட் அதைவிட ஒரு படி கடுமையானது. இந்திய ஆங்கில நாளிதழ்களின் தலையங்கங்களில் ‘பிளையன்ட் மீடியா’, ‘பிளையன்ட் ப்யூராக்ரசி’ என்ற தொடர்கள் அடிக்கடி தென்படும். அதிகாரத்தில் இருப்பவர் விருப்பத்துக்கு ஏற்ப ஆடுகிற ஊடகம், ஆடுகிற அதிகார வர்க்கம் என்று பொருள். தமிழில் நாம் தலையாட்டி என்றும் கைப்பாவை என்றும் சொல்வதற்கு இது நெருக்கமானது. இந்த இடத்தில் ஃப்ளெக்சிபிள் என்று எழுதினால் குற்றச்சாட்டே கரைந்துபோகும்.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் பிளையபிள் பழிச்சொல் ஆவதில்லை. இளம் மனத்தை ‘பிளையபிள் மைண்ட்’ என்பது ஆங்கிலத்தில் இயல்பு. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று நாம் கேட்பதும் இதே எண்ணம்தான்: வளைக்கவேண்டிய பொறுப்பு பெரியவருடையது, அந்த வயதில் வளைவது குழந்தைக்குக் குறையில்லை. ஐம்பது வயதுக்காரரைப் பிளையபிள் என்றால்தான் அவருக்கு முதுகெலும்பு இல்லை என்று பொருள் ஆகிறது.

உடலைச் சொல்லும் சொற்களில் இந்தத் தொல்லை இல்லை. சப்பிள், லைத், லிம்பர் மூன்றும் பாராட்டே. லைத் என்பது மெலிந்து, அலுங்காமல், நயமாக அசையும் உடலுக்கு உரியது. நடனக்காரருக்கும் சிறுத்தைக்கும் பொருந்தும், பருத்த உடல் எவ்வளவு வளைந்தாலும் பொருந்தாது. கடைசல் பட்டறையில் இருக்கும் ‘லேத்’துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, எழுத்துக்கூட்டலில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. லிம்பர் பெரும்பாலும் ‘அப்’ சேர்த்து வினையாக வருகிறது. ஓட்டப் பந்தயத்துக்கு முன் கைகாலை உதறிச் சூடேற்றிக்கொள்வது ‘லிம்பர் அப்’. சப்பிள் இவற்றில் அகலமானது. தசைக்கும் சருமத்துக்கும் தோலுக்கும் நல்ல உரைநடைக்கும்கூட அதைச் சொல்கிறார்கள். கொடி துவள்வதையும் குரல் குழைவதையும் சொல்லத் தமிழில் நாம் எடுக்கும் துவளுதல், குழைதல், பழந்தமிழின் ஒல்குதல் ஆகிய வினைகளுக்கு ஆங்கிலத்தில் மிக அருகில் வருவது சப்பிள்தான் என்பது என் எண்ணம்.

தோல் பற்றிய பேச்சில் சப்பிள் என்பது வெறும் வருணனையில்லை, தொழிலின் சொல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடுகிறவர்களுக்கு இதன் பொருள் கைக்குத் தெரியும். பதனிட்ட தோலை அப்படியே உலர்த்தினால் அதன் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகைபோல் விறைத்துவிடும். ஆகவே உலர்த்துவதற்கு முன்பே, நீரில் பால்போல் கலந்த எண்ணெயைச் சுழலும் பெரிய டிரம்முக்குள் ஊற்றித் தோலை அதில் உருட்டுகிறார்கள். எண்ணெய் நார்களுக்கு நடுவே புகுந்து, காய்ந்த பிறகும் அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்க இடம் செய்கிறது. பிறகு இயந்திரத்தில் கொடுத்து நெகிழ நெகிழத் தட்டி இழுக்கிறார்கள். இப்படி ஆன தோலை விரல்களுக்கு நடுவே மடித்துவிட்டால் மடிப்பு மறைந்துவிடும், ஆனால் ரப்பர்போல் துள்ளி எழாது, சோம்பலாக விரியும். அந்த நடுநிலைதான் சப்பிள். தோல் வெறுமனே மென்மையாக இருந்தால் மட்டும் போதாது. மென்மையாக இருந்தும் மடித்த இடத்தில் விரிசல் விடுகிற தோலைச் சப்பிள் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

வளைந்த பிறகு என்ன ஆகிறது என்ற இரண்டாம் கேள்விக்கு நேரடியாக விடை சொல்லும் இணை எலாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும். பாவாடை நாடாவுக்குப் பதில் வந்த எலாஸ்டிக்கை அறியாத தமிழ் வீடு இல்லை. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். இயற்பியலில் இந்த மீட்சிக்கு முதல் விதியைக் கொடுத்தவர் ராபர்ட் ஹூக். 1676-இல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக அதை வெளியிட்டு, 1678-இல் விடையைச் சொன்னார்: நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு. பதினொன்றாம் வகுப்பு மாணவரைத் திகைக்கவைக்கும் செய்தி ஒன்று இங்கே உண்டு. இயற்பியலின் அளவுகோலில் ரப்பரைவிட எஃகுதான் அதிக எலாஸ்டிக். உருமாற்றத்தை எவ்வளவு வலுவாக எதிர்த்துத் திரும்புகிறது என்பதே அங்கே கணக்கு. இந்த எதிர்ப்பை அளக்கும் யங் குணகம் எஃகுக்குச் சுமார் 200 கிகா பாஸ்கல், ரப்பருடையது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அன்றாட ஆங்கிலத்தில் ரப்பரை எலாஸ்டிக் என்பதும் சரிதான். பேச்சு எது, பாடம் எது என்று தெரிந்திருந்தால் குழப்பமில்லை.

பிளாஸ்டிக் என்பது முதலில் ஒரு பெயரடை. வார்ப்பதைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. கொடுத்த வடிவத்தில் அப்படியே நிற்பது என்று பொருள். லியோ பேக்லண்ட் 1907-இல் பேக்கலைட் என்ற செயற்கைப் பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே மருத்துவத்தில் ‘பிளாஸ்டிக்’ வழங்கிவந்தது. பிளாஸ்டிக் சர்ஜரியில் பிளாஸ்டிக் பொருள் எதுவும் இல்லை, உறுப்பை வார்த்தெடுத்தல் என்பதே அதன் கருத்து. மூளையின் பழகும் திறனுக்கு இந்தச் சொல்லை நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ். ஒரு தாக்கத்துக்கு இணங்கும் அளவுக்கு வலுவற்றதாகவும், ஆனால் ஒரேயடியாக இணங்கிவிடாத அளவுக்கு வலுவுள்ளதாகவும் இருக்கும் அமைப்பு என்று 1890-இல் அவர் அதற்கு வரையறை தந்தார். வளைதலைப் பற்றி நான் படித்த வரையறைகளில் இதைவிடச் செறிவானது இல்லை. தமிழில் நாம் பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ என்றும், ஃப்ளெக்சிபிளுக்கு ‘நெகிழ்வான’ என்றும் ஒரே அடியிலிருந்து சொல் செய்துகொண்டதால், அறிவியல் கட்டுரைகளில் ‘நெகிழ்வு’ என்று வந்தால் எது என்று இடம் பார்த்துத்தான் கொள்ளவேண்டியிருக்கிறது. எலாஸ்டிக்குக்கு ‘மீட்சி’ என்று தனிச்சொல் வைத்தது நல்லதாயிற்று.

எலாஸ்டிக் ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் நெடுந்தூரம் போயிருக்கிறது. ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இல் எழுதிய பொருளாதார நூல் வழியாக, விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதற்கு எலாஸ்டிசிட்டி என்ற பெயர் நிலைத்தது. உப்பு விலை இரட்டித்தாலும் குழம்பில் போடும் உப்பு குறைவதில்லை, ஆகவே அது இன்எலாஸ்டிக். ஆனால் மனச்சாட்சிக்கோ விதிகளுக்கோ எலாஸ்டிக் என்று சொன்னால் அது பழி. ‘எலாஸ்டிக் கான்ஷன்ஸ்’ என்பது தேவைக்கேற்ப இழுத்துக்கொள்ளும் மனச்சாட்சி. ஃப்ளெக்சிபிளான விதி என்றால் விதிவிலக்குக்கு இடம் வைத்து எழுதிய விதி. எலாஸ்டிக்கான விதி என்றால் வேண்டியவருக்கு ஒரு நீளம், வேண்டாதவருக்கு ஒரு நீளம்.

உலோகத்துக்குரிய இரண்டு சொற்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். மாலியபிள் என்பதில் சுத்தியல் இருக்கிறது. அடித்தால் தகடாகப் பரவும் பண்பு அது. டக்டைல் என்பது இழுத்தால் கம்பியாக நீளும் பண்பு. தங்கத்துக்கு இரண்டும் உண்டு. ஒரு கிராம் தங்கத்தைத் தட்டி ஏறத்தாழ ஒரு சதுர மீட்டருக்குத் தகடாக்கலாம், இழுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்குக் கம்பியாக்கலாம். ஈயமோ அடித்தால் எளிதில் பரவும், கம்பியாக இழுத்தால் அறுந்துபோகும்; ஆகவே இரண்டும் ஒன்றல்ல. மனிதருக்கு மாலியபிள் சொன்னால் பிளையபிளின் அருகில் போய் நிற்கும், பயிற்சியால் உருவாக்கக்கூடியவர் என்ற நல்ல குறிப்பும் சில இடங்களில் உண்டு. டக்டைல் மனிதருக்கு இன்று வழக்கில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சுவர்களில் அதன் முதலெழுத்து எங்கும் இருக்கிறது: கட்டுமானக் கம்பி விளம்பரங்களில் வரும் ‘எஃப்இ 500டி’ என்பதன் ‘டி’ டக்டைலைத்தான் குறிக்கிறது. இந்தியத் தர அளவையின்படி சாதாரண 500 ரகம் அறும் முன் குறைந்தது 12 விழுக்காடு நீளவேண்டும் என்றால், 500டி ரகம் 16 விழுக்காடு நீளவேண்டும். நில நடுக்கத்தில் தூண் உடனே முறியாமல், வளைந்து விரிசல் காட்டி, உள்ளிருப்பவர் வெளியேற அவகாசம் தருவது இந்த நீட்சியால்தான்.

ரெசிலியன்ட்டை வளையும் சொற்களோடு சேர்ப்பதே பாதி தவறு. துள்ளித் திரும்புதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்த அது, அடிபட்ட பிறகு மீள்வதைச் சொல்கிறது. அடிபடாதவருக்கு அந்தச் சொல் பொருந்தாது. கனடாவின் சூழலியலாளர் சி. எஸ். ஹோலிங் 1973-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு காடு, ஏரி, நகரம் என எல்லாவற்றுக்கும் அது பரவியது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் சென்னை மக்களை ரெசிலியன்ட் என்று ஆங்கில ஏடுகள் புகழ்ந்தன. புகழ் பொருத்தமானதே. ஆனால் மீள்கிறவரை மட்டும் பேசி, அடி ஏன் விழுந்தது என்பதைப் பேசாமல் விடுவதற்கு அந்தச் சொல் வசதி செய்துகொடுக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மனிதரோடு மனிதர் ஒத்துப்போவதற்கு ஆங்கிலம் வைத்திருக்கும் சொற்களில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். காரணம் ‘அட்ஜஸ்ட்’. பேருந்தில் மூவர் இருக்கையில் நாலாமவர் உட்கார ‘கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க’ என்கிறார். அந்த வழக்கில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, அது நம் சொல்லாகிவிட்டது. ஆனால் திருமண விளம்பரத்தில் ‘அட்ஜஸ்டபிள் கேர்ள்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது, திருகினால் வாய் அகலும் ஸ்பேனருக்கும் உயரம் மாற்றும் நாற்காலிக்கும் உரிய அடைமொழியைப் பெண்ணுக்கு இட்டுவிடுகிறோம். சூழலுக்குத் தக மாறிக்கொள்பவர் என்றால் அடாப்டபிள். பிறர் வசதிக்கு இடம் கொடுப்பவர் என்றால் அக்காமடேட்டிங். அலட்டிக்கொள்ளாதவர் என்றால் ஈஸிகோயிங். எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்பவர் என்றால் அமீனபிள். விதிக்குக் கட்டுப்படுவது கம்ப்ளையன்ட். நம் உச்சரிப்பில் அது புகாரைக் குறிக்கும் கம்ப்ளெயின்ட்டோடு மோதுவதால், பேச்சில் சற்று நிறுத்திச் சொல்வது நல்லது. ‘அனுசரித்துப் போகிற பெண் வேண்டும்’ என்று எழுதும் குடும்பம் இவற்றில் எதை மனத்தில் வைத்திருக்கிறது என்று கேட்டால், பல நேரம் விடை பிளையபிள் என்றுதான் வரும் என அஞ்சுகிறேன். மாப்பிள்ளைக்கு அந்த அடைமொழி அநேகமாக எழுதப்படுவதே இல்லை.

எதிர்ச்சொற்களிலும் இதே நிறபேதம் உண்டு. 1948-இல் பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்றில் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், ‘நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் மண்டைக்கனம் பிடித்த முட்டாள்’ என்று ஒரே பண்பை மூன்று இடத்துக்கு மூன்று விதமாகத் திரித்துக் காட்டினார். வளையாதவரைப் புகழ ஃபர்ம், ஸ்டெட்ஃபாஸ்ட்; பழிக்க ரிஜிட், ஆப்ஸ்டினேட். அன்பெண்டிங் இரண்டு பக்கமும் போகும். எதிர்மறை முன்னொட்டு எல்லாவற்றோடும் ஒட்டுவதில்லை: ஃப்ளெக்சிபிளுக்கு ‘இன்’ சேரும், ‘அன்’ சேராது, சப்பிளுக்கு எதுவும் சேராது, உடம்பு வளையவில்லை என்றால் ஸ்டிஃப் என்றுதான் சொல்லவேண்டும். அலுவல் கடிதத்தில் எதிர்த்தரப்பை இன்ஃப்ளெக்சிபிள் என்று எழுதினால் நேரடிக் கண்டனமாகும். ‘இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் சற்று ஃப்ளெக்சிபிளாக இருக்கமுடியுமா’ என்ற பொருளில் கேள்வியாக எழுதினால், கேட்கவேண்டியதைக் கேட்டதாகவும் இருக்கும், பேச்சு முறியாமலும் இருக்கும்.